மேடையை விட்டு இறங்கிய பிறகு

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் கேத்ரின் கூல்மன் என்ற பெண் நற்செய்தியாளர் குணமளிக்கும் கூட்டம் ஒன்றை நடத்தினார். நாடெங்கும் புகழ் பெற்றிருந்தவர். சக்கர நாற்காலிகளில் வந்தவர்களை வரிசைப்படுத்தி உட்கார வைத்த தொண்டர்களுக்கு நடுவே வில்லியம் நோலன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரும் நின்றிருந்தார். ஓர் அற்புதத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலோடுதான் போயிருந்தார். நோய் தீர்ந்ததாகச் சாட்சி சொன்னவர்களின் பெயரையும் முகவரியையும் குறித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். கூட்டம் முடிந்த பிறகு அவர்களில் 23 பேரைத் தேடிப்பிடித்து விசாரித்தார். ஒருவருக்குக்கூட உடலைத் தாக்கியிருந்த நோய் தீர்ந்திருக்கவில்லை. 1974இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

அந்த மேடையில் ஏறியவர்களில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் புற்றுநோய், முதுகெலும்புவரை பரவியிருந்தது. முதுகுக்கு அணிந்திருந்த பட்டையை எல்லோர் முன்னாலும் கழற்றிவிட்டு, மேடையில் அங்குமிங்கும் ஓடிக் காட்டினார். அரங்கமே ஆர்ப்பரித்தது. மறுநாள் முதுகில் பொறுக்க முடியாத வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது புற்று அரித்திருந்த முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. நான்கு மாதங்களில் அவர் இறந்துபோனார்.

அவர் பொய் சொல்லவில்லை. கூட்டத்தின் ஆரவாரத்திலும் நம்பிக்கையின் வேகத்திலும் அந்தச் சில நிமிடங்களுக்கு வலி உண்மையாகவே அடங்கியிருக்கும். போர்முனையில் காயம்பட்டவர்களும் விபத்தில் சிக்கியவர்களும் வலி தெரியாமல் எழுந்து நடப்பதை மருத்துவர்கள் காலங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். வலி போனதும் நோய் போனதும் ஒன்றல்ல என்பது மேடையில் தெரியாது, மறுநாள் வீட்டில்தான் தெரியும். தீராத நோய் அற்புதமாகத் தீர்ந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்குக்குப் போய்விடுகிறோம். அந்த வழக்கு இதற்குத் தேவையே இல்லை. குணமானதாகச் சொல்லப்படுபவரின் வீட்டுக்கு ஓராண்டு கழித்து யாராவது போனார்களா, போனவர் என்ன பார்த்தார் என்று கேட்டாலே பெரும்பாலான கதைகள் தெளிந்துவிடும். இந்தக் கேள்வியைக் கேட்பது நோயாளிக்குச் செய்ய வேண்டிய கடமை என்று நினைக்கிறேன். கேட்காமல் விடுவதால் யார் யார் செத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வீட்டுக்குப் போனவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த நோய் இருந்ததா என்பது. நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் மருத்துவர்களையே ஏமாற்றும். வயிறு வீங்கும், நீர் கோக்கும், எடை குறையும், ஸ்கேனில் கட்டி தெரியும். சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையில்கூட அளவு ஏறியிருக்கும். திசு எடுத்துச் சோதிக்கும்வரை புற்றுநோய் என்றே எண்ணத் தோன்றும். காசநோய் மருந்தை மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும். "கேன்சர் கட்டி கரைஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால் பயாப்ஸி அறிக்கை எங்கே என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

அன்னை தெரசாவுக்கு அருளாளர் பட்டம் கிடைக்கக் காரணமாகக் காட்டப்பட்ட குணமும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டது. மேற்கு வங்கத்தின் தெற்கு தினாஜ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பழங்குடிப் பெண்ணின் வயிற்றில் இருந்த கட்டி, அன்னையின் உருவம் பொறித்த பதக்கத்தை வயிற்றில் வைத்து ஜெபித்ததும் மறைந்தது என்பது செய்தி. நடந்தது 1998இல். வாடிகன் 2002இல் அதை அற்புதமாக ஏற்றது; மறு ஆண்டு அக்டோபரில் பட்டம் வழங்கப்பட்டது. பாலூர்காட் அரசு மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களோ, அது காசநோயால் வந்த கட்டி, பல மாதம் மருந்து சாப்பிட்டதால்தான் கரைந்தது என்றார்கள். அந்தப் பெண்ணின் நம்பிக்கை உண்மையானது, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரே உடலுக்கு மருந்தும் போயிருக்கிறது, ஜெபமும் போயிருக்கிறது. அப்படியிருக்க, மருந்தைக் கணக்கில் எடுக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

நோயே இல்லாத கதைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெல் கிப்சன், தனக்கு மூளையில் புற்றுநோய் இருந்ததாகவும் இயற்கை உணவாலேயே அதை வென்றுவருவதாகவும் சொல்லிப் புத்தகமும் கைபேசிச் செயலியும் விற்றார். 2015இல் தனக்குப் புற்றுநோயே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 1986இல், பீட்டர் பொபோஃப் என்ற நற்செய்தியாளர் முன்பின் தெரியாதவர்களின் பெயரையும் நோயையும் தேவ வெளிப்பாட்டால் சொல்வதாக நடித்தபோது, அவர் காதுக்குள் ஒரு சின்ன ரேடியோ கருவி இருந்ததையும் மேடைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி அதில் தகவல் சொல்லிக்கொண்டிருந்ததையும் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் ஒலிப்பதிவோடு தொலைக்காட்சியில் அம்பலப்படுத்தினார். மோசடிகளைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. அவை பிடிபட்டால் வழக்கு முடிந்துவிடும். நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்லும் சாட்சிதான் ஆராய வேண்டியது. அங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

தடுமாற வைப்பது பெரும்பாலும் நோயின் போக்கு. தீராத நோய் என்று நாம் சொல்லும் பலவும் ஒரே சீராக முற்றுவதில்லை. ஆஸ்துமா, மூட்டுவாதம், சொரியாசிஸ், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் ஏறும், இறங்கும், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருக்கும். ஹைதராபாதில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக, ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி நாளில், உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்துருண்டையை வைத்து ஆஸ்துமாக்காரர்களை விழுங்கச் செய்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் ரயிலேறிப் போகிறார்கள். கேள்விகள் எழுந்த பிறகு மருந்து என்பதற்குப் பதிலாகப் பிரசாதம் என்கிறார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வரவேண்டும் என்பது அங்கே விதி. மூச்சு முட்டி அவதிப்பட்ட ஆண்டில்தான் ஒருவர் அவ்வளவு தூரம் போவார். அதே மூன்று ஆண்டுகளில் எந்த மருந்தும் இல்லாமலே தணிந்துபோகிற ஆஸ்துமாவும், வளர வளரக் குறைகிற குழந்தை ஆஸ்துமாவும் ஏராளம். தணிந்தவர் ஊருக்கெல்லாம் சொல்கிறார். தணியாதவர் நான்காம் ஆண்டு போவதில்லை, அதைப் பற்றி யாரிடமும் பேசுவதும் இல்லை.

இதைவிடக் கொடுமையான எடுத்துக்காட்டு நாய்க்கடி. ரேபிஸ் அறிகுறி காட்டிவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. உலகில் இதைவிடத் தீராத நோய் அரிது. ஆனால் கிராமத்தில் நாய்க்கடிக்கு வேர் கொடுப்பவரைக் கேட்டால், "எங்கப்பா காலத்துலேர்ந்து பார்க்கிறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்பார். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி கிடையாது. வெறிநாயே கடித்தாலும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. கடித்த இடம், காயத்தின் ஆழம், எச்சில் உள்ளே போன அளவு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். ஆகவே வேரைத் தின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைப்பார்கள். வேர் தின்னாமல் இருந்தாலும் பிழைத்திருப்பார்கள். நோய் வருபவருக்கும் கடிபட்ட அன்றே வராது. ஒன்றிரண்டு மாதம் கழித்து, சிலருக்கு இன்னும் தாமதமாக, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும்போது குடும்பம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடும். அங்கே சாவார். வைத்தியரின் காதுக்குச் சேதி போகாது. அவர் கணக்கில் அந்த ஆள் குணமானவராகவே நிற்பார். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கிவருகிறது. தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். இருந்தும் வேரை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்துக்கு மருத்துவர்களே காரணம். "டாக்டர் மூணு மாசம் கெடு வைச்சார், சாமி புண்ணியத்துல ரெண்டு வருஷம் ஆச்சு." இப்படிச் சொல்லாத தெரு இல்லை. டாக்டர் சொன்ன கணக்கு ஓர் இடைநிலை: அந்த நோயாளிகளில் பாதிப் பேர் அதற்குள் இறக்கிறார்கள், மீதிப் பாதி அதைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பதே அதன் பொருள். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தார். அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் எடுத்துக்கொண்டு இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். 2002இல் இறந்தது வேறொரு புற்றுநோயால். எட்டு மாதத்தைத் தாண்டும் பாதியில், அதிலும் மிக நீண்டு போகும் அந்த வாலில், தான் இருக்க வாய்ப்புண்டு என்று அவர் முதலிலேயே கணித்தார். அவர் ஒரு தாயத்தும் கட்டியிருந்தால் தாயத்துக்குத்தான் பேர் போயிருக்கும். கெடு வைக்கிற பழக்கத்தை மருத்துவர்கள் விடவேண்டும் என்பேன். ஒரே ஒரு எண்ணைச் சொல்லி நிறுத்துவதால் வீண் நம்பிக்கையும் வளர்கிறது, வீண் பயமும் வளர்கிறது.

நம்பிக்கை உள்ளவர்கள் இவ்வளவு கறாராக இருக்க முடியாது என்று நினைப்பவர்கள் பிரான்சின் லூர்து நகரைப் பார்க்கலாம். 1858இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் இடம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அங்கே 1883 முதல் ஒரு மருத்துவப் பணியகம் இருக்கிறது. குணமானேன் என்று யார் வந்தாலும் முந்தைய ஆவணங்களைக் கேட்கும். லூர்துக்கு வரும் எந்த மருத்துவரும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும்கூட, அந்த விசாரணையில் உட்காரலாம். நோய் கடுமையானதாக, உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், குணம் சட்டென்று, முழுமையாக நிகழ வேண்டும், எடுத்துக்கொண்ட சிகிச்சையால் அதை விளக்க முடியக் கூடாது, நீடிக்க வேண்டும். இந்த அளவுகோல்களை 18ஆம் நூற்றாண்டில் வகுத்த லம்பெர்த்தீனி என்ற கர்தினால் பின்னாளில் போப்பாண்டவரே ஆனார். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. திருச்சபை அற்புதம் என்று அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எழுபதாவதை 2018இல் அறிவித்தார்கள்; அந்தக் கன்னியாஸ்திரி குணமானது 2008இல். பத்தாண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள். நம் ஊர் மேடைகளில் பத்து நிமிடம்கூடக் காத்திருப்பதில்லை.

அந்த எழுபதையும் அப்படியே ஏற்க வேண்டுமா? எனக்குத் தயக்கம் உண்டு. தொடக்ககாலப் பட்டியலில் காசநோய் நிறைய. அன்றைய சோதனைகளை வைத்து அவற்றை இன்று உறுதிசெய்ய முடியாது. பிற்காலப் பட்டியலில் தானாகவே ஒதுங்கக்கூடிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் இருக்கிறது. விளக்க முடியாதது என்பது இன்றைய அறிவின் எல்லையைத்தான் காட்டும்; அதற்கு யார் காரணம் என்று காட்டாது. பெர்னதெத்தே ஆஸ்துமாவாலும் காசநோயாலும் வதைபட்டு 1879இல் 35 வயதில் இறந்தார். இருந்தாலும் லூர்து பணியகத்தின் பொறுமையை மதிக்கிறேன். அங்கே ஐயப்படுவது நம்பிக்கைத் துரோகம் ஆவதில்லை, நடைமுறையின் ஒரு பகுதி.

ஐயப்படுபவர்களுக்கும் இதே கறார் வேண்டும். எமில் ஸோலா 1892இல் லூர்துக்குப் போனார். காசநோய் முற்றியிருந்த ஒரு பெண் தேறி எழுந்ததை நேரில் பார்த்தார். இரண்டாண்டு கழித்து வந்த அவருடைய லூர்து நாவலில் அந்தப் பாத்திரத்துக்கு ஊர் திரும்பும் வழியிலேயே நோய் திரும்பிவிடுகிறது. நிஜப் பெண்ணோ அதன் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு என்று வாதிடலாம். ஆனால் உண்மையைத் தேடிப் போகிறேன் என்று சொல்லிப் போனவர், தன் முடிவுக்கு ஒத்துவராத ஆளைக் கதையில் மறுபடி நோயில் தள்ளியது சரியல்ல. அந்தப் பெண் எப்படித் தேறினார் என்பதுதான் சுவையான கேள்வி. அதை அவர் தொடரவில்லை.

தொடர்ந்தவர் ஒருவர் இருந்தார். நியூயார்க் அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி எலும்புப் புற்றுநோயால் தன் கையிலேயே இறந்ததைத் தாங்க முடியாமல், 1891இல் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் சார்கோமா கட்டி, பலமுறை அறுத்தும் வளர்ந்துகொண்டே இருந்தது, இனிப் பயனில்லை என்று கைவிடப்பட்ட ஒரு ஜெர்மன் குடியேறியின் குறிப்பு கிடைத்தது. அவருக்கு நடுவில் எரிசிபெலஸ் என்ற கடும் தோல் தொற்று வந்திருக்கிறது, காய்ச்சல் கொதித்திருக்கிறது, தொற்று அடங்கியபோது கட்டி காணாமல் போயிருக்கிறது. கோலி இதைப் படித்து வியந்ததோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்கி அந்த ஆளைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்தும் அவர் நலமாக இருந்தார். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் புற்றுக்கட்டியையும் தாக்கக்கூடும் என்ற எண்ணம் அங்கே முளைத்தது. கோலி உருவாக்கிய பாக்டீரியா ஊசி எல்லோருக்கும் பலிக்கவில்லை, ஆபத்தும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி சாகவில்லை. நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வழிக்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். புற்றுநோய் தானாகவே வற்றிப்போவது மிக மிக அரிது, ஆனால் உண்டு. 1966இல் எவர்சன், கோல் என்ற இருவர் உலக மருத்துவ ஏடுகளைச் சலித்து 176 நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொன்றும் ஆராயப்பட வேண்டிய பொக்கிஷம். அதை யாரோ ஒருவரின் அருள் என்று உடனே பெயர் சூட்டி மூடிவிட்டால் அடுத்த நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தீராத நோய் தீர்ந்த கதை நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. டிமோதி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பிறகு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007இல் பெர்லினில் கெரோ ஹூட்டர் என்ற மருத்துவர், எச்.ஐ.வி. எளிதில் நுழைய முடியாத மரபணு மாற்றம் கொண்ட ஒருவரின் ஸ்டெம் செல்களை அவருக்குச் செலுத்தினார். வைரஸ் மறைந்தது. முதலில் பலர் நம்பவில்லை. பிரவுன் ரத்தம், குடல் திசு, நிணநீர்க் கணு, தண்டுவட நீர் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தார். ஆண்டுக்கணக்கில் தேடியும் பெருகக்கூடிய வைரஸ் கிடைக்கவில்லை. 2020இல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால், எச்.ஐ.வி.யால் அல்ல. சோதிக்கக் கூப்பிட்டபோதெல்லாம் அவர் வந்தார், முடிவு ஒன்றாகவே இருந்தது. மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

நம்முடைய கீழாநெல்லிக்கும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஹெபடைட்டிஸ் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும்; எனவே அங்கே கீழாநெல்லி எப்போதும் ஜெயிக்கும். ஆனால் ஹெபடைட்டிஸ் பி உடலில் நிலைத்துவிட்டால் போகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் லான்செட் ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது; வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வருத்தமான முடிவுதான். ஆனாலும் அந்தச் சென்னை ஆய்வு எனக்குப் பெருமையாக இருக்கிறது. எண்ணிக்கையோடு, ஒப்பீட்டுக் குழுவோடு, தோற்றுப்போகவும் தயாராக நம் மூலிகையை உலகின் முன் வைத்தார்கள். சுடுகாட்டோரம் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் இப்படிப்பட்ட சோதனைகளில் தேறியதால்தான், இன்று குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்துகளில் ஒன்றாக அடையாறு புற்றுநோய் மருத்துவமனை முதல் உலகெங்கும் ஏறுகிறது.

நம்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. காம்பியா நாட்டு அதிபர் யாயா ஜாமே 2007இல் தன்னிடம் எய்ட்ஸுக்கு மூலிகை மருந்து இருப்பதாக அறிவித்தார். நோயாளிகள் வழக்கமான மருந்தை நிறுத்த வைக்கப்பட்டார்கள். கேள்வி கேட்ட ஐ.நா. அதிகாரி நாட்டை விட்டே அனுப்பப்பட்டார். பலர் இறந்தார்கள். ஜாமே பதவி இழந்த பிறகு, பிழைத்தவர்களில் மூவர் 2018இல் வழக்குத் தொடுத்தார்கள். தான்சானியாவின் லோலியோண்டோ பகுதியில் 2011இல் ஓய்வுபெற்ற ஒரு பாதிரியார் 500 ஷில்லிங்குக்கு ஒரு குவளைக் கஷாயம் கொடுத்தார். எய்ட்ஸ், சர்க்கரை, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நின்றன. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோகப்பட்டவர்கள் வரிசையிலேயே செத்தார்கள். 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று வழியை மட்டும் நாடிய 281 பேரின் இறப்பு அபாயம், சிகிச்சை எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

இறப்பைக் காட்டிலும் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. குணமாகாதவர்மீது விழும் பழி. கூட்டத்தில் குணமாகாவிட்டால் "விசுவாசம் போதலை." நாட்டு மருந்தில் குணமாகாவிட்டால் "பத்தியம் முறிஞ்சிடுச்சு, ஒரு மண்டலம் முழுசா சாப்பிடலை." பரிகாரத்தில் குணமாகாவிட்டால் "கர்மா பாக்கி இருக்கு." சாகக் கிடக்கும் ஒரு தாயிடம், உன் மனசில் எங்கேயோ அவநம்பிக்கை இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மார்பில் புண்ணோடு கிடக்கும் அவர், தான் எங்கே தவறினேன் என்று யோசித்தபடி நாளை எண்ணுகிறார். மருந்து தோற்றால் மருந்தைக் குறை சொல்லலாம். அற்புதம் ஒருபோதும் தோற்காத மாதிரி விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. தோற்பது நோயாளி மட்டும்தான். இந்த அநியாயத்தைக் கேட்க ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் இதன் மிகக் கொடிய நாள் 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி தர்காவில் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் கொண்டுவரப்பட்டவர்களை அந்த ஊரில் தனியார் காப்பகங்கள் சங்கிலியில் கட்டி வைத்திருந்தன. அவற்றில் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். குணமாகும் நாளுக்காகக் காத்திருக்க வைக்கப்பட்டவர்கள். அதன் பிறகு காப்பகங்கள் மூடப்பட்டன; பின்னாளில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் என்ற ஏற்பாட்டில் மனநல மருத்துவர்கள் தர்கா வளாகத்துக்கே போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். நம்பிக்கையைக் கிண்டல் செய்யாமல், நம்பி வந்தவரின் பக்கத்தில் போய் உட்காருகிற இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை. சவால் விடுவது இன்னொரு வழி. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் அற்புத ஆற்றலை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்த சவால் 1978இல் அவர் சாகும்வரை வெல்லப்படவில்லை. அதற்கு அந்தக் காலத்தில் தேவை இருந்தது. சவாலால் மேடையில் இருப்பவரை மடக்கலாம். கீழே உட்கார்ந்திருக்கும் நோயாளி வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு உட்பட அட்டவணையில் உள்ள நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை. பேருந்து நிலையச் சுவரில், "கிட்னி ஃபெயிலியருக்கு டயாலிசிஸ் இல்லாமல் பூரண குணம், பிரதி மாதம் முதல் வாரம் லாட்ஜில் சந்திக்கலாம்" என்ற சுவரொட்டி அந்தச் சட்டத்தின்படி குற்றம்தான். ஒட்டியவர் சிறைக்குப் போனதாக நாம் கேள்விப்படுவதில்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் பதஞ்சலி நிறுவனத்தை நாளிதழ்களில் மன்னிப்பு கேட்க வைத்ததற்கு இந்திய மருத்துவச் சங்கம் வழக்குப் போட வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய நரேந்திர தாபோல்கர், அவரும் ஒரு மருத்துவர், 2013 ஆகஸ்டில் புணேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரச் சட்டமே வந்தது.

சட்டம் முழுவதுமாக அமலானாலும் ஒரு கதவு திறந்தே கிடக்கும். மருத்துவமனையில் கைவிரிக்கிற அந்தத் தருணம். "இனி ஒண்ணும் செய்றதுக்கில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." அதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. வலிக்கு என்ன செய்வது, மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது, புண்ணை எப்படித் துடைப்பது என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் குடும்பம் லாட்ஜ் வைத்தியரிடமும் ஜெபக் கூட்டத்துக்கும் போவதை மூடத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. உட்காருங்க என்று சொல்ல ஓர் இடம் தேடிப் போகிறார்கள். நோய் தீராது என்பது உண்மையாக இருக்கலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையே இல்லை. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் அதைச் செய்து காட்டியது: செவிலியரும் அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் புண்ணைக் கழுவி, மார்ஃபின் மாத்திரை கொடுத்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார்கள். குணமாக்குகிறோம் என்று அவர்கள் சொல்வதே இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சை என்பது ஒரு பகுதி. போதைப்பொருள் சட்டம் 1985 முதல் மார்ஃபினைப் பூட்டி வைத்திருந்தது. 2014இல் திருத்தம் வந்து மருத்துவப் பயன்பாட்டுக்கு வழி இளகியது. ஆனாலும் சிறிய ஊர்களில் அந்த மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை. கைவிரிக்கும் முன் மருத்துவமனை மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்: வலி மருந்து கிடைக்கும் மிக அருகிலுள்ள இடம், வீட்டுக்கு வரப்போகும் செவிலியரின் தொலைபேசி எண், அவர் முதலில் வரும் தேதி.